கோவிவனுக்குக் கிடைத்த கல்

2025 மே 8 இரவு பதினோரு மணிக்கு எங்கள் நகர் வாட்ஸாப் குழுவில் கராச்சித் துறைமுகம் எரிந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சிகளில் சைரன் ஒலி, கிராபிக்ஸ் விமானங்கள், தொண்டை கட்டிப்போன செய்தி வாசிப்பாளர்கள். காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டுப் பக்கம் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்புவரை நெல் விளைந்த நிலத்தில் எழுந்த குடியிருப்பு எங்களுடையது. நூற்றிச்சொச்சம் வீடுகள். அன்றிரவு எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. "ஏன் இஸ்லாமாபாத்தை விட்டு வெச்சிருக்காங்க?" என்று கேட்டவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். "இந்த தடவை முடிச்சிடணும்" என்றவர் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். நானும் சும்மா இல்லை. கராச்சி எரிகிற காணொளியை இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன். விடிந்த பிறகு பார்த்தால் துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. செய்தி பொய். மறுப்பு போட எனக்குக் கை வரவில்லை. குழுவில் வேறு யாரும் போடவுமில்லை.

அந்தக் குழுவில் ராணுவத்தில் இருந்தவர் ஒரே ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் 'மிலிட்டரி'. என் அப்பாவின் சிநேகிதர் என்பதால் எனக்கு மாமா. அன்றிரவு அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கோபமோ துக்கமோ காரணமில்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் நைட் ஷிப்டில் இருந்தார். பன்னிரண்டு மணி நேர வேலை, செல்போனைக் கூண்டில் வைத்துவிட வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, மே 10 மாலை சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும் குழுவுக்கு ஏமாற்றம். ஏமாற்றம் என்பதுகூட மென்மையான சொல். கிரிக்கெட் ஆட்டம் மழையால் நின்றுபோன மாதிரி ஒரு எரிச்சல். அறிவிப்பைப் படித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையும் அவர் குடும்பத்தையும் இணையத்தில் திட்டிய திட்டில் அவர் தன் கணக்கையே பூட்டிக்கொண்டார். அதற்கு முன்பே, பகல்காமில் ஏப்ரல் 22 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட கடற்படை அதிகாரியின் இளம் மனைவி, 'முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் வெறுப்பைத் திருப்பாதீர்கள்' என்று கேட்டுக்கொண்டதற்காக அவரையும் இதே கூட்டம் குதறியிருந்தது. கணவனின் சவப்பெட்டிக்கு அவர் வைத்த சல்யூட்டைப் பகிர்ந்த அதே கைகள்.

போர்க்காலத்தில் குடிமகன் படைவீரனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்று கேட்டால் என் நண்பர்கள் உடனே சொல்லும் பதில் நன்றி, மரியாதை, ஆதரவு. இன்னொரு வகை நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பதில், 'ஒன்றும் கடன் இல்லை, சம்பளத்துக்குத்தானே போனார்கள்.' பொறியியல் கல்லூரி விடுதியில் நான் இந்த இரண்டாம் கட்சி. முப்பத்தைந்து வயதுக்குமேல் இரண்டும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்களாகத் தெரிகின்றன. இரண்டிலும் நமக்கு வேலை எதுவும் இல்லை, கவனியுங்கள்.

சம்பள வாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது என் சொந்த வாதம். நானும் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறேன். மேலாளர் சொல்வது முட்டாள்தனம் என்று பட்டால் கூட்டத்திலேயே சொல்வேன். கேட்காவிட்டால் தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட், அப்புறம் வேறு கம்பெனி. படைவீரன் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் இது இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, ராணுவத்தினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதன்படி 1950இன் ராணுவச் சட்டம் அவனுக்குச் சங்கம் கூடாது, அனுமதியில்லாமல் பத்திரிகையோடு பேசக் கூடாது, அரசியல் கூட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்கிறது. இதில் எனக்கு மறுப்பில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அரசியல் பேச ஆரம்பித்தால் என்னவாகும் என்பதற்குப் பக்கத்து நாடுகளே சாட்சி. ஆனால் இந்தப் பேரத்துக்கு இன்னொரு பாதி இருக்கிறது. 'என்னை ஏன் அனுப்புகிறாய்?' என்று கேட்கும் உரிமையை அவன் நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். நாம் அதை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். அவன் கேட்கக் கூடாது என்றால் அவனுக்காக நாம் கேட்க வேண்டும். போவதற்கு முன்பும், போன பிறகும், திரும்பி வந்த பிறகும்.

நான் சொல்ல வந்த கடன் இந்த ஒன்றுதான். இதை நாம் எப்படிக் கட்டாமல் விட்டோம் என்பதற்கு லடாக் வரை போக வேண்டியதில்லை. நம் வாசலிலேயே ஒரு கணக்கு இருக்கிறது.

*

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு அலுவலகப் பேருந்தில் போகும்போது ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடத்தைக் கடப்பேன். 1991 மே 21. அதைப் பற்றி ஊருக்கே தெரியும். அந்த மனிதர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பேரில் கடல் கடந்து போய்ச் செத்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். என் பேருந்தில் வரும் நாற்பது பொறியாளர்களில் இந்த எண்ணைச் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. கேட்டுப் பார்த்தேன். 'ஐ.பி.கே.எஃப்.-னா இலங்கை ஆர்மியா?' என்றார் ஒருவர்.

1987 ஜூலை 29இல் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்தியப் படைகள் யாழ்ப்பாணத்தில் இறங்கின. அமைதி காக்கப் போகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்து மக்கள் மாலையோடு வரவேற்றார்கள். அக்டோபரில் புலிகளோடு போர் தொடங்கிவிட்டது. அந்தப் புலிகளுக்கு 1983க்குப் பிறகு ஆயுதப் பயிற்சி கொடுத்தது இந்திய உளவுத்துறை. பணம் கொடுத்தது எம்.ஜி.ஆர். அக்டோபர் 11 நள்ளிரவைத் தாண்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பிளாட்டூன், முப்பது பேர். விடிந்து நண்பகலுக்குள் 29 பேர் இறந்துவிட்டார்கள், ஒருவர் பிடிபட்டார். எதிரி காத்திருக்கிறான் என்பது தெரியாமல், பின்னால் வரவேண்டியவர்கள் வரமுடியாமல், தனியாக மாட்டிக்கொண்டு செத்தார்கள். அப்போது ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் சுந்தர்ஜி. பிறந்த ஊர் செங்கல்பட்டு. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். இந்தப் போர் டெல்லிக்காரர்களின் போர் என்று தமிழர்கள் கைகழுவும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

மாமா 1981இல் சேர்ந்தவர். சிக்னல்ஸ் பிரிவு. பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரக் குடும்பம். கோர்வைச் சேலைக்குக் கரை நாடா போட எதிர்ப்பக்கம் ஒரு பையன் உட்கார வேண்டும் அல்லவா, அப்படி ஏழு வயதிலிருந்து உட்கார்ந்தவர். தறிக்குழியிலிருந்து எழுந்து ஓடுவதற்கு அவருக்குக் கிடைத்த முதல் கதவு ராணுவம். தமிழ் தெரிந்தவர் என்பதால் அவரை வயர்லெஸ்ஸில் புலிகள் பேசுவதைக் கேட்க உட்காரவைத்தார்கள். நான் எவ்வளவோ முறை கேட்டும் அந்த நாட்களைப் பற்றி அவர் சொன்னது மிகக் குறைவு. ஒருமுறை, கச்சபேஸ்வரர் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்.

"கண்ணு, நம்ம பக்கம் அடிபட்ட சர்தார் பஞ்சாபில கத்துவான். எனக்கு ஒண்ணும் புரியாது. அந்தப் பக்கம் அடிபட்டவன் 'அம்மா'ன்னு கத்துவான். புரியும். காதுல ஹெட்போன மாட்டிக்கினு உக்காந்திருக்கேன். எது நம்ம பக்கம்னு சொல்லு பாப்போம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்ற பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்? 8ஆவது மகர் படைப்பிரிவு. 1987 நவம்பர் 25 இரவு, தேடுதல் வேட்டை முடிந்து திரும்பும் வழியில் பதுங்கித் தாக்கினார்கள். நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் சுட்டவனின் துப்பாக்கியைப் பிடுங்கி அவனைச் சுட்டுவிட்டு இறந்தார். பரம்வீர் சக்கரம் பெற்ற தமிழர். என் அலுவலகத்தில் மேஜர் முகுந்த் வரதராஜனை எல்லோருக்கும் தெரியும். 2014இல் ஷோபியானில் இறந்தவர், அசோக சக்கரம். 'அமரன்' பார்த்துவிட்டு அழுதவர்கள் உண்டு, நானும் அழுதேன். முகுந்த் மறக்கப்படக் கூடாதவர், சந்தேகமில்லை. ஆனால் பரமேஸ்வரனைப் பற்றி நாம் ஏன் படம் எடுப்பதில்லை? முகுந்தைக் கொன்றவன் பேசிய மொழி நமக்கு அன்னியம். பரமேஸ்வரனைச் சுட்டவன் தமிழ் பேசினான். அந்தப் படத்தில் எங்கே கைதட்டுவது என்று நமக்குத் தெரியாது. கைதட்ட இடமில்லாத வீரனை நாம் கழற்றிவிட்டுவிடுகிறோம். தேசபக்தர்களுக்கு அந்தப் போர் தோல்வி. தமிழ்த் தேசியர்களுக்கு அது துரோகம். இரண்டு பேருமாகச் சேர்ந்து 1,200 பேரை நடுக்கடலில் விட்டுவிட்டார்கள்.

*

1990 மார்ச் 24இல் கடைசிப் படைகள் திருகோணமலையை விட்டுக் கிளம்பின. சென்னைத் துறைமுகத்துக்கு வந்தவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்றுவிட்டு வரும் படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. இன்றும் ஒரு தரப்பு இதைத் துணிவு என்று சொல்லும், மறு தரப்பு தேசத்துரோகம் என்று சொல்லும்.

எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்திய வீரர்கள் நோயாளிகளையும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் சுட்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை. இவற்றை மறைத்துவிட்டு ராணுவத்தைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அது பொய். ஆனால் துறைமுகத்தில் இறங்கிய பையன்களில் யார் அந்த மருத்துவமனையில் இருந்தார்கள், யார் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அழுதார்கள் என்று பிரித்துப் பார்க்க எவரும் மெனக்கெடவில்லை. அனுப்பியவர்களின் மேல் காட்டவேண்டிய கோபத்தை அனுப்பப்பட்டவர்களின் மேல் காட்டினோம். ஏனென்றால் அவர்கள்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள், திருப்பிப் பேசவும் மாட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான அதே வாரத்தில் மெரினாவில் ராஜீவோடு மேடையேறியவர் எம்.ஜி.ஆர். 1991இல் காங்கிரஸோடு கூட்டணி வைத்தது அ.தி.மு.க., 2004இல் தி.மு.க. முடிவெடுத்தவர்களின் கட்சியோடு நாற்காலி பகிர்ந்துகொள்ளும்போது அந்தக் கோபம் எங்கே போயிருந்தது?

மாமா சென்னையிலிருந்து பஸ் பிடித்து ஊர் வந்தபோது யூனிபார்மைப் பெட்டியில் வைத்துவிட்டு லுங்கியில் வந்தார். மூங்கில் மண்டபம் பக்கம் டீக்கடையில், கூடப் படித்தவன் கேட்டான்: "என்னடா, அங்க நம்ம ஆளுங்க எத்தினி பேர சுட்ட?" மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டவர் இன்று எங்கள் நகர் குழுவில் இருக்கிறார். மே 8 இரவு அதிகப் பதிவு போட்டவர்களில் ஒருவர். இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை.

அந்த மருத்துவமனையில் சுட்டவர்களைப் பெயர் சொல்லி விசாரித்து, தண்டனை கொடுத்திருந்தால் மாமா டீயைக் குடித்து முடித்திருப்பார். குற்றவாளியை அடையாளம் காட்ட மறுக்கும் தேசம், குற்றம் செய்யாதவனையும் அதே கறையோடு வீட்டுக்கு அனுப்புகிறது. ராணுவத்தைக் கேள்வி கேட்பது வீரனுக்கு அவமானம் என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் யோசித்தார். ராஜினி திராணகம, பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்த மருத்துவர். நண்பர்களோடு சேர்ந்து 'முறிந்த பனை' நூலில் இந்தியப் படை செய்ததையும் எழுதினார், புலிகள் செய்ததையும் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றார்கள்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு சர்வர் பத்து நிமிடம் படுத்துவிட்டால்கூட இரண்டு நாளுக்குள் ஆர்.சி.ஏ. எழுதியாக வேண்டும். மூல காரண அறிக்கை. எப்போது விழுந்தது, ஏன் விழுந்தது, யார் என்ன முடிவெடுத்தார்கள், மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்கிறோம். எவனையும் திட்டக் கூடாது, எதையும் மறைக்கவும் கூடாது. யாரோ ஒருவருக்கு வலைத்தளத்தில் சேலை வாங்க முடியவில்லை என்பதற்காக நான் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். கார்கில் போருக்குப் பிறகு கே. சுப்ரமணியம் தலைமையில் குழு அமைத்தார்கள், சில பகுதிகளை நீக்கிவிட்டாவது அதன் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். 1962 தோல்வி பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. ராஜீவ் கொலைக்கு வர்மா கமிஷன், ஜெயின் கமிஷன் என்று இரண்டு அமர்ந்தன. அவர் அனுப்பி இறந்த 1,200 பேருக்குக் கார்கில் குழு மாதிரி ஒன்றும் அமையவில்லை. அமைக்கச் சொல்லித் தமிழ்நாட்டில் ஒரு கடையடைப்புகூட நடந்ததில்லை. நாம் எதெதற்கெல்லாம் கடையடைக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

அவர்களுடைய பெயர்களைக் கல்லில் வெட்டிய தலைநகரம் எது தெரியுமா? ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. 'இந்தியப் படையே வெளியேறு' என்று பிரேமதாசா முழங்கிய அதே இலங்கை, தன் நாடாளுமன்றம் இருக்கும் ஊரில் நினைவுச்சின்னம் வைத்தது. டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்க 2019 ஆகிவிட்டது.

*

தமிழனுக்கு இந்தக் கடனை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் இல்லை. செங்கம் வட்டாரத்தில் ஏராளமான நடுகற்கள் இருக்கின்றன. நாகசாமி பதிப்பித்து 1972இல் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டது. அவற்றைப் படித்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். வருணனை இல்லை, உவமை இல்லை. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்ன ஊர்மேல், இன்னார் மாடு பிடிக்க வந்தபோது, இன்னாருடைய சேவகன் இன்னான் மீட்டுப் பட்டான். அவ்வளவுதான். அச்சு அசல் ஆர்.சி.ஏ. யாருடைய மாட்டுக்காக எவன் செத்தான் என்பது வெயிலிலும் மழையிலும் ஆயிரத்து நானூறு வருடம் நிற்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல், காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்மனின் 34ஆவது ஆண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்பவன் இறந்தான். அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்ளர்களைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. நாயின் பெயரும் கல்லில் இருக்கிறது, உருவமும் இருக்கிறது. கல்லோடு முடியவில்லை. போரில் பட்டவன் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி என்று கல்வெட்டுகளில் வரும். ரத்தத்துக்கு ஈடான நிலம்.

இதற்கு நேரெதிரான ஒரு மரபும் நம்மிடம் உண்டு, அதற்கும் எங்கள் ஊரோடு தொடர்பு உண்டு. கலிங்கத்துப் பரணியில் குலோத்துங்கன் காஞ்சியில் சித்திர மண்டபத்தில் வீற்றிருக்கிறான். வடகலிங்க மன்னன் திறை கட்டவில்லை என்று தெரிகிறது. கருணாகரத் தொண்டைமான் புறப்படுகிறான். ராஜா காஞ்சியில்தான் இருக்கிறார். செத்த யானைகளும் பேய்கள் காய்ச்சும் கூழும் பாட்டில் வருகின்றன. சோழப் படையில் செத்த ஒரு சாதாரணச் சிப்பாயின் பெயர் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். ஜெயங்கொண்டார் மகாகவி, அதில் தகராறு இல்லை. ஆனால் பரணி பாடப்படுவது ஜெயித்தவனுக்கு. மே 8 இரவு எங்கள் வாட்ஸாப் குழு பாடிக்கொண்டிருந்தது பரணி. சந்தம்கூட இல்லாத பரணி.

'சண்டை நடக்கும்போது கேள்வி கேட்டால் வீரர்களின் மனவுறுதி குலையும்' என்று ஒரு வாதம் தயாராக இருக்கும். 1962இல் சீனப் படை உள்ளே வந்துகொண்டிருந்தபோதே நாடாளுமன்றத்தைக் கூட்டச் சொன்னவர் இளம் உறுப்பினர் வாஜ்பாய். நேரு நவம்பர் 8இல் கூட்டினார். கேள்விகள் தீயாக விழுந்தன. அதற்கு முன்பே பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி இழந்திருந்தார். கித்தான் ஷூவும் பழைய துப்பாக்கியும் கொடுத்துப் பையன்களை இமயமலைக்கு ஏன் அனுப்பினீர்கள் என்று போர் முடிவதற்குள்ளேயே கேட்டார்கள். அதனால் எந்த வீரன் மனம் உடைந்தான்? 2025இல் சிறப்புக் கூட்டம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஜூலை கடைசியில், வழக்கமான கூட்டத்தொடரில்தான் விவாதம் நடந்தது.

அதே 1962இல் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் செய்ததையும் சொல்ல வேண்டும். விலைவாசிப் போராட்டத்தில் சிறைக்குப் போயிருந்த அண்ணா, வெளியே வந்ததும் போர் முயற்சிக்கு முழு ஆதரவு என்றார். அடுத்த ஆண்டு திராவிட நாடு கோரிக்கையையே கைவிட்டார். 16ஆவது திருத்தம் கழுத்தைப் பிடித்ததால்தான் விட்டார் என்பார்கள். அதுவும் உண்மைதான். இருந்தாலும் ஒரு கட்சி தன் பிறப்புக்குக் காரணமான கொள்கையையே விலையாகக் கொடுத்தது. நான் அந்த இரவு கொடுத்த விலை எவ்வளவு? ஜியோ டேட்டா, அரை ஜி.பி.

*

எங்கள் கேள்விகள் வேண்டியிருந்த நேரங்களைக் கணக்குப் போட்டால் வெட்கமாக இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 14, சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த முன்னாள் வீரர்களை, பதக்கம் குத்திய கிழவர்களை, காவல்துறை கையைப் பிடித்து இழுத்தது. மறுநாள் நாங்கள் அலுவலகத்தில் மூவர்ண நிறத்தில் கேக் வெட்டினோம். 2019இல் பாலாகோட் பேசி நடந்த தேர்தலின் வாக்குகளை எண்ணி முடித்த ஒரு மாதத்தில், ஊனமுற்ற வீரர்களின் ஓய்வூதியத்துக்கு இருந்த வரிவிலக்கைச் சுருக்கி வருமானவரித் துறை சுற்றறிக்கை விட்டது. காயத்தோடேயே முழுப் பணிக்காலமும் முடித்து ஓய்வுபெற்றவருக்கு விலக்கு இல்லையாம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எங்கள் குழுக்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

2022 ஜூனில் அக்னிபத். நான்கு ஆண்டு வேலை, நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குத்தான் தொடர்ச்சி, மற்றவர்களுக்குச் சுமார் பதினொன்றே முக்கால் லட்சம் கையில், ஓய்வூதியம் கிடையாது. ரயில்களைக் கொளுத்திய பையன்கள் பீகாரிலும் தெலங்கானாவிலும் இருந்தார்கள். நாங்கள் இங்கே 'இளைஞர்களுக்குக் கட்டுப்பாடு வரும்' என்று திட்டத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தோம். பா.ஜ.க.வின் பொதுச்செயலாளராக இருந்த கைலாஷ் விஜய்வர்கியா, கட்சி அலுவலகத்துக்குக் காவலாள் வேண்டுமென்றால் அக்னிவீருக்கே முன்னுரிமை தருவேன் என்றார். எல்லோரும் அவரைக் கண்டித்தார்கள். எனக்கு என்னவோ அவர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்றுதான் பட்டது. என் அலுவலக வாசலில் நிற்கும் செக்யூரிட்டிகளில் மூன்று பேர் முன்னாள் ராணுவத்தினர். ராணுவத்துக்கு சல்யூட் என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு, காலை ஒன்பதரைக்கு ராணுவத்தானிடம் சல்யூட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். அவர் பையைத் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்கிறோம்.

எங்கள் பொறியியல் வகுப்பில் அறுபது பேர். ஒருவனும் ராணுவத்துக்குப் போகவில்லை. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஊர், வீட்டுக்கு ஓர் ஆள் ராணுவத்தில் என்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர். எங்களூரிலிருந்து இரண்டு மணி நேரம்தான். அந்த ஊர் வாட்ஸாப் குழுவில் மே 8 இரவு என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். மகனிடமிருந்து போன் வந்ததா என்று ஒருவரையொருவர் கேட்டிருப்பார்கள். போரைக் கேட்கிற வர்க்கம் வேறு, போருக்குப் போகிற வர்க்கம் வேறு என்று ஆகிவிட்ட நாட்டில், கேட்கிறவர்களுக்கு வாய் நீளமாகத்தான் இருக்கும். நான் அந்த முதல் வர்க்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

*

ஆகஸ்ட் 15க்கு எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் மிலிட்டரியைக் கௌரவிப்பதாகத் தீர்மானம் போட்டது. பொன்னாடை, கேடயம், இரண்டு நிமிடம் பேச்சு. அழைக்கப் போன குழுவில் நானும் ஒருவன். மாமா நைட் ஷிப்ட் முடித்து வந்து, தரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்து அறையில் பாவு நூலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் தறி இன்னும் ஓடுகிறது.

"எதுக்குப்பா?" என்றார்.

"தேச சேவைக்கு மாமா."

"அது சரி. எதுக்குன்னு கேக்கறேன். கேடயத்துல என்னா எழுதுவீங்க?"

செயலாளர் 'தேசப் பாதுகாப்பில் தன்னலமற்ற' என்று ஏதோ ஆரம்பித்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இலங்கை, 1987 லேர்ந்து 90 வரைக்கும்னு போடுங்க. அதுக்குக் கீழ மூணு பேர் தரேன், எங்க யூனிட்ல செத்தவங்க. ஒருத்தன் ஒரிசாக்காரன், ரெண்டு பேர் நம்ம பக்கம். அந்தப் பேரையும் போடுங்க. போட்டா வரேன்."

அன்று மாலை கமிட்டி கூடியது. பெயர் போடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. இலங்கை என்று போடுவதில்தான். எதிர்வரிசையில் இருப்பவர் ஓர் இயக்கத்துக்காரர், தகராறு வரும் என்றார்கள். அது நாம் தோற்ற போர் ஆயிற்றே, சுதந்திர தினத்தில் எதற்கு என்றார் பேராசிரியர். 'கடல் கடந்த பணி' என்று பொதுவாகப் போடலாம் என்று ஒரு சமரசம் வந்தது. நான் எதிர்த்துப் பேசினேன். வாக்கெடுப்பில் எனக்கு என்னோடு சேர்த்து இரண்டு கை. இன்னொரு கை யாருடையது என்றால், டீக்கடையில் அன்று கேள்வி கேட்டவர். ஏன் தூக்கினார் என்று நான் கேட்கவில்லை.

கேடயம் 'கடல் கடந்த பணி' என்ற எழுத்தோடு அடித்து வந்தது. பதினைந்தாம் தேதி காலை கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, மைக்கில் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாமா அன்று டபுள் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரகடம் போயிருந்தார். கேடயம் இப்போது சங்க அலுவலகத்தில், தண்ணீர் மோட்டார் சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே இருக்கிறது. மூன்று பெயர்களை அவர் ஒரு பால் கணக்கு அட்டையின் பின்புறம் எழுதி என்னிடம் கொடுத்தார். அது என் பர்ஸில் இருக்கிறது.